நூல் அறுகிறது, கட்டி விழுகிறது, ராட்டை இழுக்க மாட்டேன் என்கிறது: கம்பளி நூற்கத் தொடங்கியவருக்கான பிழை நீக்கும் வழிமுறை

நூல் அறுந்தால் முதலில் ராட்டையைத் திட்டுவது எல்லோருக்கும் வழக்கம். புதிதாக நூற்பவர்கள் கொண்டுவரும் கோளாறுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சரிசெய்து கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: குற்றம் பெரும்பாலும் கையில் இருக்கும், அதை விட்டால் கம்பளியில் இருக்கும். கருவியின் முறை கடைசியில்தான் வரும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிரேக்கை (ராட்டை நூலை உள்ளே இழுக்கும் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) இறுக்கி, கம்பளியை மாற்றி, மிதிக்கும் வேகத்தையும் கூட்டினால் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

சில சொற்களை மட்டும் முடிவு செய்துகொள்வோம். ராட்டை என்று நான் சொல்வது காலால் மிதித்து ஓட்டும் ராட்டையை. அதில் கொக்கிகளோடு சுற்றி நூலை முறுக்கும் பகுதி பிளையர். முறுக்கிய நூல் சுற்றிச் சேரும் உருளை பாபின். நூலைப் பிடிக்கும் கை நூல் கை. நூற்கத் தயாரான கம்பளித் திரியைப் பிடிக்கும் கை திரிக் கை. இரண்டுக்கும் நடுவில் இழைகள் அகலமாக விரிந்து நூலாகக் குவியும் இடத்தை விசிறி என்று சொல்கிறேன். பார்க்க அப்படித்தான் இருக்கும். கோளாறில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

## முதலில் இரண்டு சோதனைகள்

இந்த இரண்டும் கீழே பல இடங்களில் திரும்ப வரும்.

மடிப்புச் சோதனை. இப்போதுதான் நூற்ற நூலில் ஒரு முழம் எடுத்து, நடுவில் மடித்து, தளர விடுங்கள். நூல் தன்மேல் தானே சுற்றிக்கொண்டு இரட்டைப்புரியாக நிற்கும். அந்த இரட்டைப்புரி உங்களுக்குப் பிடித்த அளவில் உருண்டு வந்தால் முறுக்கு சரி. சோம்பலாகத் தொங்கினால் முறுக்கு போதவில்லை. விறைப்பாக முறுக்கிக்கொண்டு ஆங்காங்கே சுருள் எழும்பினால் அதிகம். புதிய நூலில் மட்டும்தான் இந்தச் சோதனை செல்லும். பாபினில் ஒரு இரவு கிடந்த நூலில் முறுக்கு அடங்கிவிடும், மடித்தால் சுற்றாது. அதைப் பார்த்து முறுக்கு போதவில்லை என்று முடிவு கட்டி, மேலும் முறுக்கிக் கெடுத்தவர்கள் நிறைய.

இழுப்புச் சோதனை. முழு ரோமமாக வாங்கியிருந்தால், விரல் கனத்துக்கு ஒரு கற்றையைப் பிரித்து, இரண்டு முனைகளையும் இறுக்கிப் பிடித்து, காதருகே வைத்து வெடுக்கென்று இழுங்கள். தெளிவாக ஒரு சுண்டும் ஒலி வந்தால் நல்ல கம்பளி. படபடவென்று நொறுங்கும் ஒலி கேட்டாலோ, கற்றை நடுவில் பிய்ந்து வந்தாலோ, இழை பலவீனமானது. ரோமம் வளர்ந்த காலத்தில் ஆட்டுக்கு நோயோ தீவனக் குறைவோ வந்திருந்தால் இழையில் அந்த இடம் மெலிந்துவிடும். இதை எந்தக் கைப்பழக்கமும் சரிசெய்யாது.

## அறிகுறி 1: நூல் அறுந்துகொண்டே இருக்கிறது

அறுந்ததும் அவசரமாக இணைக்காதீர்கள். அறுந்த முனையை வெளிச்சத்தில் பாருங்கள். எந்த வழியில் போவது என்று முனையே சொல்லும்.

### முனை நீளமாக, மெல்லியதாகப் பிரிந்து வந்திருந்தால்

நூல் அறுபடவில்லை, இழைகள் ஒன்றையொன்று விட்டு நழுவிவிட்டன. முறுக்கு போதவில்லை என்று பொருள்.

*ராட்டையில் நூற்கிறீர்களா?* முறுக்கு ஏறும் முன்பே ராட்டை நூலை இழுத்துக்கொள்கிறது. பிரேக் குமிழைக் கால் சுற்று தளர்த்துங்கள். போதாவிட்டால் இன்னொரு கால் சுற்று. அப்படியும் நழுவினால் மிதியை எண்ணிப் பாருங்கள். பெரிய சக்கரம் ஒரு முறை சுற்றும்போது பிளையர் 8 முறை சுற்றும் ராட்டையில், ஒரு மிதிக்கு 10 செ.மீ. நூலை உள்ளே விட்டால் அந்த 10 செ.மீட்டரில் 8 முறுக்குதான் இருக்கும். தொடக்கக்காரர் நூற்கும் மெலிந்த ஒற்றைப்புரிக்கு (இன்னொன்றோடு சேர்த்து முறுக்காத தனி நூல்) இது காணாது. அதே 10 செ.மீட்டருக்கு இரண்டு மிதி கொடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

*தக்களியில் (தண்டும் வட்டும் கொண்ட, கையால் சுழற்றும் கருவி) நூற்கிறீர்களா?* தக்களி ஓய்ந்து நின்று, எதிர்ப்பக்கம் திரும்பிச் சுற்றத் தொடங்கியிருக்கும். நம் கண் விசிறியில் இருக்கும்போது இது சத்தமில்லாமல் நடக்கும். ஏறிய முறுக்கெல்லாம் இறங்கி, நூல் பிரிந்து, தக்களி தரையில் விழும். தீர்வு எளிது: தக்களியைச் சுழற்றுங்கள், முறுக்கு ஏறியதும் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளுங்கள், பிறகு இரண்டு கைகளாலும் நிதானமாக இழுத்து நீட்டுங்கள். சேமித்த முறுக்கு தீர்ந்ததும் மறுபடி சுழற்றுங்கள். தொங்கவிட்டு நூற்பது அழகுதான், ஆனால் கை பழகும்வரை இடுக்கி நூற்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

இடுக்கி நூற்றால் நன்றாக வருகிறது, தொங்கவிட்டால் மட்டும் அறுகிறது என்றால் தக்களியின் எடையைப் பாருங்கள். தொடக்கத்துக்கு 30 முதல் 50 கிராம்வரை வசதி. அதைவிடக் கனமானதை மெல்லிய நூல் தாங்காது. மிக லேசானது சீக்கிரம் திரும்பிச் சுற்றும். இங்கேதான் முதல்முறையாகக் காசு செலவாகிறது.

### முனை மொட்டையாக, திடீரென்று ஒடிந்திருந்தால்

மடிப்புச் சோதனை செய்யுங்கள். முறுக்கு அதிகமென்று காட்டினால் அறிகுறி 3-க்குப் போங்கள்.

முறுக்கு சரியாக இருந்தும் ஒடிந்தால், நூல் போகும் பாதை முழுவதும் ஒரு சின்னப் பஞ்சுத் துணுக்கைத் தேய்த்துக்கொண்டு போங்கள்: பிளையரின் வாய் (நூல் உள்ளே நுழையும் துளை), ஒவ்வொரு கொக்கி, பாபினின் விளிம்பு. எங்கே பஞ்சு மாட்டுகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. மரமானால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் போதும். உலோகக் கொக்கி தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் கொக்கியை மாற்றுங்கள்.

பாதையும் வழவழப்பாக இருக்கிறதா? அப்படியானால் இழுப்புச் சோதனை. கற்றை ஒடிந்தால் அந்தக் கம்பளியைத் தலையணைக்குள் அடைக்கலாம், நூற்க வேண்டாம்.

### எப்போதும் இணைத்த இடத்திலேயே விட்டுப்போனால்

இணைப்பில் கை அவசரப்படுகிறது. நூலின் கடைசி முனையை முறுக்கு நீக்கி, இழைகளைத் தனித்தனியாக விரித்துவிடுங்கள். முனை நுனிவிரல் நீளத்துக்கு மொட்டையாக இருந்தால் அதைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். மொட்டை முனையில் எதுவும் பிடிக்காது. திரியின் முனையையும் அதேபோல் மெல்லியதாக விரித்து, இரண்டும் 8 முதல் 10 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படும்படி வையுங்கள். இரண்டையும் சேர்த்து விரல்களுக்கு நடுவே பிடித்து, முறுக்கை மெதுவாக உள்ளே விடுங்கள். பிறகு லேசாக ஒரு இழுப்பு. நழுவினால் இப்போதே நழுவட்டும்.

இணைத்த இடம் மட்டும் தடிமனாகிறது என்றால், இரண்டு முனைகளிலும் முழுக் கனத்தை வைத்துவிட்டீர்கள். ஒவ்வொன்றும் நூலின் பாதிக் கனம் இருந்தால் போதும்.

## அறிகுறி 2: ஒரு இடம் கட்டி, ஒரு இடம் மெலிசு

எல்லோரும் கேட்பது இதைத்தான், அதனால் இதில் கொஞ்சம் நிற்போம்.

### திரியை இழுக்கவே முடியவில்லை, பிடித்துக்கொள்கிறது

முதல் சந்தேகம்: கைகளுக்கு இடையே உள்ள தூரம். திரியின் முனையிலிருந்து சில இழைகளை மட்டும் உருவி, கறுப்புத் துணிமேல் வைத்து அளந்து பாருங்கள். ஆட்டினத்தைப் பொறுத்து நீளம் மாறும்: மெரினோ 6 முதல் 10 செ.மீ. இருக்கும், காரிடேல் 8 முதல் 13 செ.மீ.; நீள்ரோம இனங்களில் 20 செ.மீட்டரைத் தாண்டும். உங்கள் இரு கைகளுக்கும் நடுவில் அந்த நீளத்தைவிடக் கொஞ்சம் அதிக இடைவெளி வேண்டும். குறைந்தால் ஒரே இழையின் இரண்டு முனைகளையும் இரண்டு கைகள் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது எவ்வளவு பலமாக இழுத்தாலும் இழை நகராது, தோள்தான் வலிக்கும்.

இரண்டாவது: திரிக் கையின் இறுக்கம். திரி உள்ளங்கையில் சும்மா கிடந்தால் போதும். பயத்தில் விரல்கள் மூடிக்கொள்வது இயல்பு. அரை மணிநேரம் நூற்றபின் கையைத் திறந்து பாருங்கள்: திரி ஈரமாகி நசுங்கியிருந்தால் இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள்.

மூன்றாவது: முறுக்கு விசிறிக்குள் புகுந்துவிட்டது. தொடக்கக்காரரை அதிகம் அழவைப்பது இதுதான். நூல் கை பிடியை ஒரு கணம் தளர்த்தினாலும் முறுக்கு பாய்ந்து திரிக்குள் ஏறிவிடும். ஏறிய இடம் பூட்டிக்கொள்ளும். இப்போது பலத்தைக் காட்டாதீர்கள். மிதிப்பதை நிறுத்துங்கள். பூட்டிய இடத்தை நூல் கையின் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, முறுக்குக்கு எதிர்த்திசையில் உருட்டுங்கள். ஒரு நொடிக்கு இழைகள் தளர்ந்து மங்கலாகத் தெரியும். அந்த நொடியில் திரிக் கையைப் பின்னுக்கு இழுத்தால் சரசரவென்று வழிவிடும். பிறகு விரலை விடுங்கள், முறுக்கு தானாக வந்து நிரப்பிக்கொள்ளும்.

நான்காவது: திரி அழுந்திப் போயிருக்கிறது. பையில் நாள்கணக்கில் அமுங்கிக் கிடந்த திரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீளவாக்கில் இரண்டாக, நான்காகப் பிரித்து, உதறி, ஒவ்வொன்றையும் கையால் சற்று இழுத்துத் தளர்த்திவிட்டு நூற்றுப் பாருங்கள். பிரிக்கும்போதே பிய்ந்து வந்தால் கம்பளி கழுவும்போதோ சாயம் ஏற்றும்போதோ இறுகிவிட்டது. அதைக் கார்டிங் செய்பவரிடம் கொடுத்து மறுபடி கோதச் சொல்லலாம். கொஞ்சமே இருந்தால் அந்தச் செலவு வீண்.

### இழுக்கவே வேண்டாம், கொத்துக் கொத்தாக வருகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். கைகளின் இடைவெளி மிக அதிகமாக இருக்கலாம், கொஞ்சம் நெருக்குங்கள். விசிறி உங்கள் கட்டைவிரலைவிட அகலமாக விரிந்தால் ஒரே நேரத்தில் அதிக இழைகள் வருகின்றன. திரியை மெல்லிய கீற்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் நழுவி ஓடினால் கம்பளியின் பெயரைப் பாருங்கள். இயந்திரத்தில் துவைக்கத் தகுந்தது என்று விற்கும் பதப்படுத்திய மெரினோவில் இழையின் மேலுள்ள செதில்களை நீக்கியோ பூசி மறைத்தோ விடுவார்கள். தொட்டால் அருமையாக இருக்கும், பிடிமானம் இருக்காது. மென்மையைப் பார்த்து முதல் கம்பளியாக இதை வாங்கிவிட்டு, தனக்கு நூற்கவே வராது என்று ஒதுங்கியவர்கள் உண்டு. காரிடேல் அல்லது ராம்னி வாங்கிப் பழகுங்கள். கழுத்தில் உறுத்தினால் உறுத்தட்டும், கைக்குப் பாடம் சொல்லித்தரும்.

### நடுநடுவே கடுகளவு முடிச்சுகள்

விரலால் பிரித்துப் பாருங்கள். பிரிந்தால் அது கட்டி, பிரியாவிட்டால் இழை முடிச்சு. ரோமம் வெட்டும்போது ஒரே இடத்தில் இரண்டு முறை கத்தரி ஓடினால் குட்டை இழைகள் கலந்துவிடும். கார்டிங் பலகையில் அவைதான் உருண்டு முடிச்சாகின்றன. கண்ணில் படும்போதெல்லாம் எடுத்து எறியுங்கள். ஒரு முழத்துக்குள் பல வந்தால் எடுத்து முடியாது. அந்தக் கம்பளியைச் சொரசொரப்பான நூலுக்கு ஒதுக்கிவிட்டு வேறு எடுங்கள்.

### ஏற்கெனவே விழுந்துவிட்ட கட்டி

கட்டிக்கு இரு பக்கமும், இழை நீளத்துக்குச் சற்று அதிக இடைவெளியில் பிடித்து, முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தி மெதுவாக இழுங்கள். கட்டி நீண்டு கரையும். மெலிசான இடத்துக்கு இந்த வைத்தியம் கிடையாது. முறுக்கு எப்போதும் மெலிசான இடத்தைத் தேடி ஓடும், அதனால் அது இன்னும் விறைப்பாகும். பிய்த்து மறுபடி இணைப்பதே நல்லது. ஆனால் எல்லாக் கட்டிகளையும் துரத்த வேண்டாம். இரண்டு நூல்களைச் சேர்த்துப் புரி போட்டால் ஒன்றின் கட்டி இன்னொன்றின் மெலிசோடு சேர்ந்து பாதி மறைந்துவிடும்.

## அறிகுறி 3: நூல் தானாகச் சுருண்டு முடிச்சிடுகிறது

கால் வேகம், கை மெதுவு. மிதிப்பதைக் குறையுங்கள். குறைத்தால் சக்கரம் நின்றுவிடுகிறதா? ஓட்டக் கயிற்றை (பெரிய சக்கரத்திலிருந்து பிளையரைச் சுற்றவைக்கும் கயிறு) பிளையரின் பெரிய கப்பிக்கு மாற்றுங்கள். பெரிய கப்பியில் பிளையர் மெதுவாகச் சுற்றும். தொடக்கத்துக்கு 6:1 முதல் 8:1வரை போதும், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற பிளையர் 6 முதல் 8 சுற்று. 15:1 எல்லாம் கை ஓடத் தொடங்கிய பிறகு.

கை சரியான வேகத்தில் போகிறது, ஆனாலும் நூல் வாயருகே சுருள்கிறது என்றால் ராட்டை இழுக்கவில்லை. அறிகுறி 4.

பாபின் முழுக்க அதிக முறுக்காகிவிட்டால் எறிய வேண்டாம். அதைப் புரி போடும்போது எதிர்த்திசையில் சுற்றுவதால் ஒரு பகுதி முறுக்கு இறங்கும். ஒற்றைப்புரியாகவே வேண்டுமென்றால் இன்னொரு பாபினுக்கு எதிர்த்திசையில் ஓட்டி எடுங்கள்.

## அறிகுறி 4: ராட்டை நூலை உள்ளே இழுப்பதில்லை

பிரேக்கில் கை வைக்கும் முன் கீழே உள்ள வரிசையில் பாருங்கள். பிரேக்கை இறுக்கிக்கொண்டே போவதுதான் பலரும் முதலில் செய்வது. பின்னால் உண்மையான தடையை நீக்கியதும் ராட்டை நூலை வெடுக்கென்று பிடுங்கும்.

1. நூல் கொக்கியில் இரண்டு சுற்று சுற்றியிருக்கிறதா, தளர்ந்த பஞ்சு கொக்கியில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட தடவை விஷயம் இங்கேயே முடிந்துவிடும்.
2. வாயில் ஒரு கட்டியோ சுருளோ அடைத்திருக்கும். பின்னுக்கு இழுத்து, நேராக்கி, மறுபடி விடுங்கள்.
3. காலி பாபினில் கட்டிய தொடக்க நூல் சறுக்குகிறது. பாபின் தன்பாட்டில் சுற்றும், நூல் அசையாது. அவிழ்த்து, இரண்டு சுற்று சுற்றி இறுக்கிக் கட்டுங்கள், அல்லது ஒரு துண்டு ஒட்டுநாடாவால் பாபினில் ஒட்டிவிடுங்கள்.
4. நூல் பாபினின் விளிம்பைத் தாண்டி வழுக்கி அச்சில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரே கொக்கியில் நெடுநேரம் நூற்று மேடு கட்டவிட்டால் இப்படி ஆகும். பாபினைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.
5. பாபினைக் கழற்றினோம் அல்லவா, அப்படியே அச்சைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அச்சு உலர்ந்தோ பிசுபிசுத்தோ இருந்தால் பாபின் பிளையரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் நூல் ஏறாது.
6. இப்போது பிரேக். கால் சுற்று இறுக்கி, நூற்றுப் பாருங்கள். பாபின் நிறைய நிறைய இழுப்பு குறையும் என்பதால், நடுநடுவே சிறிது இறுக்குவது கோளாறில்லை, அப்படித்தான் செய்ய வேண்டும்.
7. பெரிய சக்கரம் சுற்றுகிறது, பிளையர் தயங்குகிறது என்றால் ஓட்டக் கயிறு தளர்ந்துவிட்டது அல்லது எண்ணெய் பட்டு வழுக்குகிறது. புதிய பருத்திக் கயிறு கட்டுங்கள்.

ஒரே கயிறு இரண்டு சுற்றாக ஓடி, ஒன்று பிளையர்மேலும் ஒன்று பாபின்மேலும் போகிற ராட்டையா? அதில் தனி பிரேக் இருக்காது. இழுப்பைக் கூட்ட, பிளையர் தாங்கியை நகர்த்தி ஓட்டக் கயிற்றைத்தான் இறுக்க வேண்டும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: ஏழும் பார்த்தாகிவிட்டது, பாபினை வெறும் கையால் சுற்றினால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் மாட்டுகிறது என்றால் அச்சு வளைந்திருக்கும் அல்லது பாபினின் துளை தேய்ந்திருக்கும். நீங்களே வளைத்து நிமிர்த்தப் போகாதீர்கள். பாபின் தேய்மானத்தைக் கடைசல் வேலை தெரிந்தவர் பார்த்துக்கொள்வார். அச்சு வளைந்தால் ராட்டை செய்தவரிடமோ பழுது பார்ப்பவரிடமோ பிளையரை முழுதாகக் கொடுங்கள்.

### நேர் எதிர்: கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது

பிரேக்கை முழுவதும் தளர்த்திவிட்டு, நூல் மெதுவாக நகரத் தொடங்கும்வரை சிறிது சிறிதாக இறுக்குங்கள். இறுக்கத்திலிருந்து தளர்த்திக்கொண்டு வருவதைவிட இந்த வழி சீக்கிரம் பிடிபடும்.

## அறிகுறி 5: சக்கரம் பின்பக்கம் திரும்பிவிடுகிறது

கம்பளியை ஓரமாக வைத்துவிட்டு வெறும் ராட்டையை மிதியுங்கள். மெதுவாக, இன்னும் மெதுவாக, நிற்காமல் மிதிக்க வரவேண்டும். நிறுத்தும்போது மிதி உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கும் இடத்தில் நிற்கட்டும். அடுத்த முறை கை வைக்காமலேயே சரியான திசையில் கிளம்பும்.

வெறும் ராட்டை நன்றாக ஓடி, நூற்கும்போது மட்டும் திரும்பினால் ஓட்டக் கயிறு அல்லது பிரேக் அதிக இறுக்கம். வெறும் ராட்டையே கனமாக மிதிபட்டால் எண்ணெய். எண்ணெய் விட்டும் கனமாகவே இருந்தால் சக்கரத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: சுற்றும்போது இடமும் வலமும் அலைந்தால் சக்கரம் கோணிவிட்டது. மரச் சக்கரம் கோணுவது ஈரத்தாலும் வெயிலாலும். இது தச்சரின் வேலை.

## அறிகுறி 6: கிறீச்சென்ற சத்தம், தட்டும் சத்தம்

கிறீச்சென்றால் எண்ணெய். உலோகமும் உலோகமும், உலோகமும் மரமும் உரசும் இடங்களில் மெல்லிய இயந்திர எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. சமையல் எண்ணெய் கூடாது, சில வாரங்களில் பிசினாகி இறுகிவிடும். மூடிய பேரிங் உள்ள இடத்தில் எண்ணெயே வேண்டாம்.

டக் டக் என்று தட்டினால் எங்கோ திருகு தளர்ந்திருக்கிறது. மிதியையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்.

பிளையரின் கையில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அன்றே நூற்பதை நிறுத்துங்கள். முகத்துக்கு நேராக வேகமாகச் சுற்றும் மரம் அது. பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 7: தக்களி ஆடுகிறது

நூல் ஒரு பக்கமாக மேடு கட்டியிருந்தால் அவிழ்த்துக் கூம்பாக, தண்டிலுள்ள வட்டை ஒட்டிச் சுற்றுங்கள். காலியாக இருக்கும்போதும் ஆடினால் கொக்கியின் நுனி தண்டின் நேர் மையத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து, இடுக்கியால் சற்று வளைத்துச் சரிசெய்யுங்கள். அப்புறம் தண்டை மேசைமேல் உருட்டுங்கள். தத்தித் தத்தி உருண்டால் தண்டு வளைந்துவிட்டது. வேறு வாங்குவதுதான் மலிவு. லேசாக ஆடினாலும் நெடுநேரம் சுற்றுகிறதென்றால் விட்டுவிடுங்கள், நூலுக்கு அது தெரியாது.

## அறிகுறி 8: கம்பளி கையில் ஒட்டுகிறது, அல்லது பறக்கிறது

ஒட்டினால் கம்பளிக் கொழுப்பு மிச்சமிருக்கிறது. குளிர்ந்த நாளில் அது இறுகும். நூற்கும் முன் வெதுவெதுப்பான இடத்தில் அரை மணிநேரம் வைத்தால் இளகி வழிவிடும். பழைய ரோமத்தில் கொழுப்பு காய்ந்து மஞ்சளாகியிருந்தால் சூடு காட்டி மட்டும் பயனில்லை. 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் சோப்புநீர் வைத்து, கம்பளியை மெதுவாக அமுக்கி, அசைக்காமல் ஊறவிட்டு, நீர் ஆறுவதற்குள் எடுத்துவிடுங்கள். ஆறவிட்டால் கரைந்த கொழுப்பு மறுபடி இழையிலேயே படியும். ரோமம் மூட்டைக்கணக்கில் இருந்தால் கழுவிக் கோதித் தரும் ஆலைக்கு அனுப்பிவிடுவது முதுகுக்கு நல்லது.

பறந்து துணியில் ஒட்டினால் காற்று வறண்டிருக்கிறது. திரிமேல் தண்ணீரை மெல்லியதாகத் தெளித்து, சில நிமிடங்கள் மூடி வைத்துவிட்டு நூற்றால் அடங்கும்.

## அறிகுறி 9: புரி சேர்த்த நூல் சரியில்லை

புரி விறைத்து, கைக்கு அடங்காமல் முறுக்கிக்கொண்டே போகிறது. நூற்ற திசையிலேயே புரியும் போட்டுவிட்டீர்கள். வலஞ்சுழியாக நூற்றால் இடஞ்சுழியாகப் புரி போட வேண்டும். சக்கரத்தின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி ஒட்டி வையுங்கள், தீர்ந்தது.

ஒரு நூல் நேராக நிற்கிறது, இன்னொன்று அதைச் சுற்றி ஏறுகிறது. இரண்டிலும் இழுப்பு சமமாக இல்லை. பாபின்களைச் சற்றுத் தள்ளி, உங்களுக்குப் பின்னால் வைத்து, இரு நூல்களுக்கும் நடுவே ஒரு விரலை விட்டுப் பிடியுங்கள்.

சிட்டம் (வளையமாகச் சுற்றி எடுத்த நூல்) சுருள்கிறது. கழுவும் முன் தெரிவதை நம்பாதீர்கள். கழுவி, உலர்ந்தபின் தொங்கவிட்டுப் பாருங்கள். அப்போதும் சுருண்டால், எந்தப் பக்கம் சுருள்கிறது என்று கவனியுங்கள். புரி போட்ட திசையை அவிழ்ப்பதுபோல் சுருண்டால் புரி அதிகம். அதைக் கூட்டுவதுபோல் சுருண்டால் புரி போதவில்லை. ராட்டையில் இன்னொரு முறை ஓட்டி, வேண்டியபடி குறைக்கலாம் அல்லது ஏற்றலாம். கனம் கட்டித் தொங்கவிட்டு நேராக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த நூலைப் பின்னி, முதல் முறை துவைத்ததும் மறைத்து வைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும்.

பின்னிய துணி ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஒற்றைப்புரி நூலில் முறுக்கு மிச்சம். அடுத்த முறை குறைவாக முறுக்குங்கள். இந்தத் துணிக்கு வழியில்லை.

## அறிகுறி 10: கழுவியதும் நூல் சுருங்கி இறுகிவிட்டது

சூடான நீரிலிருந்து குளிர்ந்த நீருக்கு மாற்றியதும், கசக்கியதும் சேர்ந்து செய்த வேலை. திரும்ப வராது. அடுத்த சிட்டத்தை நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, 40 டிகிரி அளவு வெந்நீரில் 20 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். குழாயை நேராக நூல்மேல் திறக்கக் கூடாது. அலசும் நீரும் அதே சூட்டில் இருக்கட்டும். பிழியாமல், துண்டில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுங்கள்.

## அறிகுறி 11: கம்பளியில் பொடி உதிர்கிறது, இழைகள் துண்டு துண்டாக வருகின்றன

மணல்மணலாகப் பொடி, வலைபோன்ற மெல்லிய படலம், கடித்துத் துண்டான இழைகள்: பூச்சி விழுந்துவிட்டது. துணிகளைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். அந்தப் பையை உடனே மற்றக் கம்பளியிலிருந்து பிரித்து, காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள், ஈரம் கோத்துவிடும். அலமாரியைக் காலி செய்து, மூலைமுடுக்கெல்லாம் தூசு உறிஞ்சி, உறிஞ்சியதை வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள். விரிப்பிலும் நாற்காலி மெத்தையிலும் புழு தென்பட்டால் அது உங்கள் கைக்கு மீறியது. பூச்சி ஒழிப்பவரை அழைத்துவிடுங்கள்.

## அறிகுறி 12: கையும் தோளும் வலிக்கின்றன

நாற்காலியை முதலில் பாருங்கள். மிதிக்கும்போது முழங்கால் இடுப்பைவிட மேலே எழும்பினால் நாற்காலி தாழ்வு. நூல் வாய்க்குள் போகும் உயரத்துக்கும் உங்கள் முழங்கைக்கும் அதிக வித்தியாசம் இருந்தால் தோள் தூக்கியே இருக்கும். அடுத்து, அறிகுறி 2-இல் சொன்ன திரிக் கையின் இறுக்கம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கையை உதறிவிட்டு வாருங்கள்.

விரல் மரத்துப்போவது, இரவில் மணிக்கட்டு வலித்துத் தூக்கம் கலைவது, பிடித்த பொருள் நழுவுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் ராட்டையை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பாபினில் பாதி நூற்ற நூல் எத்தனை மாதம் கிடந்தாலும் கெடாது.